கொலை செய்தது அண்ணியா?

மார்ச் 4, புதன்

இன்றும் தட்டோடு உள்ளே போனேன், காபியை வைத்தேன், வெளியே வந்தேன். இந்த டிவி மர்மத் தொடரில் முதல் பகுதியிலேயே வீட்டுப் பெரியவர் செத்துவிட்டார். அன்றிலிருந்து எல்லோரும் துப்புத் துலக்குகிறார்கள், நான் காபி கொடுக்கிறேன். இன்ஸ்பெக்டர் என்னிடம் இதுவரை கேட்ட ஒரே கேள்வி, "சர்க்கரை இருக்கா?" அண்ணி வேடத்துக்கு அதற்கு மேல் யார் எழுதுவார்கள்?

மாலையில் டைரக்டர் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கடைசிப் பகுதிக்கு மூன்று முடிவுகள் எடுக்கப் போகிறாராம். ஒன்றில் வக்கீல் கொலைகாரர். ஒன்றில் டாக்டர். இன்னொன்றில் – நான்! மூன்றையும் போட்டுப் பார்த்து, எது நெஞ்சைத் தொடுகிறதோ அதுதான் ஒளிபரப்பாகும். எது என்று அதுவரை எங்களுக்கே தெரியாது. வெளியே மூச்சு விடக்கூடாது.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். புருஷன் வெளியாள் இல்லையே.

"நீயா? கரப்பான்பூச்சியைப் பாத்தா நாற்காலி மேல ஏறுறவளா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

மார்ச் 6, வெள்ளி

வசனம் கைக்கு வந்துவிட்டது. இரண்டு பக்கம்! இத்தனை வருடத்தில் எனக்கு இரண்டு பக்கம் யார் கொடுத்தார்கள்?

கதை இதுதான். அண்ணியின் தங்கை எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் செத்துப் போகிறாள். வீட்டில் கல்யாணம், வேலை கெட்டுவிடும் என்று பெரியவர் அந்தச் செய்தியை அண்ணியிடம் மறைத்துவிடுகிறார். பல மாதம் கழித்துத்தான் இவளுக்குத் தெரிகிறது. 'அவ செத்த அன்னைக்கு நான் இந்த வீட்ல பரிமாறிட்டு இருந்தேன். சிரிச்சுக்கிட்டே பரிமாறினேன்.'

பஸ்ஸில் உட்கார்ந்து இந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். இறங்க வேண்டிய இடம் போயே போய்விட்டது.

மார்ச் 8, ஞாயிறு

மகளுக்குத் தெரியக்கூடாது என்று குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை. "ஆமா, பால்ல கலந்தது நான்தான்! இந்தக் கையாலதான் கலந்தேன்!" அந்த ஜன்னல் கீழ்வீட்டுக்குத் திறந்திருக்கும் என்பது எனக்கு எங்கே நினைவில் இருந்தது?

கீழ்வீட்டம்மா ரிட்டையர்டு நர்ஸ். மாலையில் மாடிப்படியில் என் வீட்டுக்காரரை மடக்கி, "உடம்பு எப்படி இருக்கு தம்பி? வயித்துல ஏதாவது பிரட்டுதா? ராத்திரி பால் குடிக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். இவர் சும்மா இருக்கக்கூடாதா? "தினமும் அவதான் கலக்கிக் கொடுப்பா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

மார்ச் 9, திங்கள்

கீழ்வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் சூப் வந்தது. அவருக்கு மட்டும். குடித்து முடிக்கும்வரை அந்த அம்மா பக்கத்திலேயே நின்றார், நான் கிட்டே வராதபடி. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால் வாயைத் திறக்க வழியில்லை.

"நல்லா இருக்கு. உன் ஒத்திகை இன்னும் ஒரு மாசம் நடக்கட்டும்" என்கிறார் இந்த மனுஷன்.

மார்ச் 11, புதன்

வக்கீலாக நடிக்கும் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏம்மா, யோசிச்சுப் பாத்தியா? கொலைகாரி யாரோ, அவ ஜெயிலுக்குப் போயிடுவா. அடுத்த சீசன்ல அவளுக்கு என்ன வேலை? நான் அடக்கித்தான் வாசிக்கப் போறேன். முகத்துல ஒரு ஈ உட்காந்தாக்கூட அசையமாட்டேன்."

டாக்டராக நடிக்கும் பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, நானும் அப்படித்தான். சொல்லிடாதீங்க."

ஆக, மூன்று பேரும் யார் மட்டமாக நடிப்பது என்று போட்டி! டைரக்டர் பாடு திண்டாட்டம்தான்.

சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணி இருந்தால் அடுத்த வருடமும் வேலை உண்டு. இதைவிட்டால் என் கையில் வேறு எதுவும் இல்லை. இந்த வயதில் புதிதாக யார் கூப்பிடுவார்கள்?

மார்ச் 13, வெள்ளி

அடக்கியே வாசிக்கப் போகிறேன். முடிவு செய்தாயிற்று.

மார்ச் 14, சனி

இன்று என் முடிவுக்கான ஷூட்டிங்.

திட்டப்படியே நடந்தது. இரண்டு பக்கத்தையும் ரயில்வே அறிவிப்பு மாதிரி ஒப்பித்தேன். முடிந்ததும் டைரக்டர் தலையை நிமிர்த்தாமலே, "ஓகே மேடம். அடுத்த ஷாட்" என்றார்.

ஓகேயா?

திட்டியிருந்தால் பரவாயில்லை. 'என்ன மேடம் இது' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் பரவாயில்லை. இவளிடம் இவ்வளவுதான் வரும் என்று நினைத்துவிட்டார். எதிர்பார்க்கவே இல்லை அந்த ஆள்! வாய் தானாகப் பேசியது.

"சார், இன்னொரு தடவை."

"வேண்டாம் மேடம், நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இல்லை சார். எனக்குத் தெரியும்."

இரண்டாம் முறை நான் கத்தவேயில்லை. குளியலறையில் கத்தியதெல்லாம் எங்கே போயிற்றோ. தங்கையைப் பற்றிச் சொல்லும்போது, அன்று அண்ணி கல்யாண விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பை முகத்தில் கொண்டுவந்தேன். அது போகமாட்டேன் என்றது. வசனம் முடிந்த பிறகும் அப்படியே இருந்தது.

யாரும் 'கட்' சொல்லவில்லை. லைட்காரர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வக்கீல் அண்ணன் என் பக்கத்தில் வந்து, "போச்சும்மா. நீ ஜெயிலுக்குப் போயிட்டே" என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

ஐயோ, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்.

ஏப்ரல் 4, சனி

ஒளிபரப்பு. கீழ்வீட்டம்மாவையும் கூப்பிட்டிருந்தோம். வந்தவர் இவருக்கும் எனக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார், காவல் மாதிரி. மகள் தரையில் போனும் கையுமாக. "நீ வந்தா சொல்லும்மா" என்றாள்.

வக்கீல் மேல் சந்தேகம் வந்தது, போயிற்று. டாக்டர் மேல் வந்தது, போயிற்று. இன்ஸ்பெக்டர் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

நான்தான்.

"பால்ல கலந்தது நான்தான்" என்று டிவியில் நான் சொன்னதும் கீழ்வீட்டம்மா என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "அடிப்பாவி! இதுக்கா நான் ஒரு மாசமா அடுப்படியிலேயே நின்னேன்?" பிறகு அவர் சிரித்த சிரிப்பில் சோபாவே குலுங்கியது. இவருக்குத்தான் முகம் வாடிவிட்டது. நாளையிலிருந்து சூப் கிடையாதே.

மகள் சிரிக்கவில்லை. போன் எப்போது கீழே போயிற்று என்று தெரியவில்லை. எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். இவள் இப்படி உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்று?

டைரக்டர் போன் செய்தார். "உங்க ரெண்டாவது டேக்கைப் பாத்த பிறகு மத்த ரெண்டு முடிவையும் போட்டுக் காட்டுன்னு யாரும் கேக்கலை மேடம். அடுத்த சீசன்லதான் உங்களை எப்படிக் கொண்டு வரதுன்னு..."

"கொண்டு வராதீங்க சார். செஞ்சதுக்கு அனுபவிக்க வேண்டாமா?"

தைரியமாகத்தான் சொன்னேன். போனை வைத்த பிறகு பாஸ்புக்கைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.

மே 20, புதன்

அடுத்த சீசனில் எனக்கு இடமில்லை. வேறு போனும் வரவில்லை. புது செட்டிலிருந்து வக்கீல் அண்ணன் படம் அனுப்பியிருக்கிறார். அண்ணியின் சமையலறையில் ஒரு புதுப் பெண் நிற்கிறாள். போகட்டும், எனக்கென்ன? – எனக்கென்னவா? எனக்குத்தான் எல்லாம். அந்த எழவு முதல் டேக்கோட நிறுத்தியிருக்கக் கூடாதா நான்?

இல்லை. நிறுத்தியிருக்க முடியாது.

ஜூன் 19, வெள்ளி

மேடை நாடகம். இயக்குவது ஒரு வெள்ளைமுடி அம்மாள். தொடரின் கடைசிப் பகுதியைப் பார்த்துவிட்டு நம்பர் தேடிப் பிடித்தாராம். வேடம் ஒரு நகரத்தின் மேயர். வெள்ளத்தில் எந்தக் கரையை உடைப்பது, யார் வீட்டை முழுக விடுவது என்று அவள்தான் முடிவு சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட நாடகம் முழுக்க மேடையில் இருக்க வேண்டும்.

"மனப்பாடம் பண்ண முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் மகள் கையை நீட்டி வசனத் தாள்களை வாங்கிக்கொண்டாள். நான் அறையின் நடுவில் நின்று ஆரம்பித்தேன். நான்காவது வரியிலேயே நிறுத்தினாள்.

"அம்மா, அங்க 'ஆனால்' கிடையாது. 'ஆனாலும்'."

"ரெண்டும் ஒண்ணுதானேடி?"

"ஒண்ணு இல்லை. முதல்ல இருந்து சொல்லு."