கீழ்த்தளத்துக் காற்று

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம்தானே? ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் எதையும் சிரித்தே மழுப்பிவிடுவாய் என்றுதான் காகிதத்தை எடுத்தேன்.

எங்கள் நூலகத்தின் கீழ்த்தள வாசிப்பறையில் காற்று நன்றாக இருக்கிறது என்று போன மாதம் நீ ஒட்டிவிட்டுப் போன பச்சை அட்டை வாசலிலேயே இருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் என் பக்கத்து மேஜைக்காரி நேற்று மயங்கி விழுந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி. தண்ணீர் தெளித்து எழுப்பினால், "ஒண்ணுமில்லக்கா, மதியமானா தலை கனக்குது, அவ்வளவுதான்" என்கிறாள். எனக்கும்தான் கனக்கிறது. தேர்வுக்குப் படிக்க வருகிற பிள்ளைகளும் மதியத்துக்கு மேல் வரிசையாக மேஜையில் கவிழ்ந்து கிடக்கிறார்கள். கேட்டால் எங்கள் மேலாளர், "அவங்க படிக்கிற புத்தகம் அப்படிம்மா" என்று ஜோக் அடிக்கிறார்.

எனக்கு ஒன்று உறுத்துகிறது. நீ காற்றை அளக்க வந்த அன்று காலையிலேயே ஏணி போட்டு, கூரையை ஒட்டியிருக்கும் ஜன்னல்களைத் திறந்துவைத்திருந்தார்கள். சத்தம் போடுகிறது என்று வருஷம் முழுக்க அணைத்தே வைத்திருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் அன்றைக்குச் சமர்த்தாக ஓடியது. 'இருப்புச் சரிபார்ப்பு' என்று சொல்லி வாசகர்களையும் உள்ளே விடவில்லை. ஆளே இல்லாத அறையைத்தான் நீ அளந்துவிட்டுப் போனாய். சொல்லாமல் கொள்ளாமல் வந்து, கூட்டம் இருக்கும்போது அளப்பதுதான் உங்கள் சட்டம் என்று நீயே பெருமையடிப்பாயே? பிறகு மேலாளருக்கு யார் சொன்னது?

உன் அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

உன் அக்கா

•

மார்ச் 7

துப்பறியும் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. தலைவலிக்கு முதலில் கண்ணாடியை மாற்று. அந்தப் பெண்ணைப் பகலில் பட்டினி கிடக்காமல் சாப்பிடச் சொல். எல்லாவற்றுக்கும் காற்றைக் குற்றம் சொன்னால் காற்று எங்கே போய் முறையிடும்?

நீ கேட்டதால் சொல்கிறேன். எந்தக் கட்டடத்துக்கு என்றைக்குப் போவது என்று முடிவு செய்பவன் நான். என் மேலதிகாரிக்கே அன்று காலையில்தான் தெரியும். போன மாதம் வெளியாள் ஒருவருக்குத்தான் முன்னாடியே எழுதினேன், சாப்பிட வருகிறேன் என்று. அந்த ஆள் நீ! உடனே மேலாளரிடம் போய் அரை நாள் விடுப்பு கேட்டாயா இல்லையா? என்ன காரணம் சொன்னாய்? "என் தம்பி வர்றான் சார்" என்றிருப்பாய். தம்பி என்ன உத்தியோகம் பார்க்கிறான் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்ததும் நீதானே? அந்த மனுஷன் விரல் சூப்பும் குழந்தையா?

போகட்டும், விடு. இதை யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே. எனக்குத்தான் கெட்ட பெயர்.

அன்புத் தம்பி

•

மார்ச் 10

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்னது சரிதான். அரை நாள் கேட்டேன். காரணமும் அதையேதான் சொன்னேன். படித்ததிலிருந்து மனசு சரியில்லை. உனக்கு ஒரு வேளை சோறு போடுகிற ஆசையில் பக்கத்து மேஜைக்காரியை விழ வைத்துவிட்டேனே என்று அவள் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது. அவளோ எனக்கு வெந்நீர் வைத்துக்கொண்டு வந்து தருகிறாள்.

அவள் மயங்கியதைச் சொல்லி மறுபடி அளக்க வேண்டும் என்று ஊழியர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். இது உன் வட்டாரம், நீதான் வருவாய். தேதியை எனக்கு மட்டும் எழுது. வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்ள வசதியாக இருக்கும். இந்த முறை விடுப்பும் கேட்க மாட்டேன், சமைக்கவும் மாட்டேன். வெளியில் சாப்பிட்டுக்கொள்.

இன்னொன்று. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் என் தோழியை நேற்றுப் பார்த்தேன். அங்கேயும் நீ வந்த அன்று ஏணி, ஃபேன் எல்லாம் இதே கதைதானாம். அங்கே உனக்கு அக்கா யாரும் இல்லையே? சும்மா கேட்டேன்.

அக்கா

•

மார்ச் 13

அக்கா,

17, வியாழன், பதினொரு மணிக்கு மேல். அத்தானிடம்கூட மூச்சு விடாதே.

தபால் நிலையத்துக்காரர்கள் சுத்தக்காரர்கள். ஜன்னலைத் திறந்துவைப்பதும் குற்றமா?

தம்பி

•

மார்ச் 18

தம்பிக்கு,

நேற்று படிக்கட்டில் நின்று பேசியதை நீ மறந்துவிட முயற்சி செய்வாய். அதனால் எழுதி வைக்கிறேன்.

தேதியை நான் யாரிடமும் சொல்லவில்லை. அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. புதன்கிழமை மாலை ஏணி வந்தது. "என்ன சார், நாளைக்கு விசேஷமா?" என்று மேலாளரிடம் கேட்டேன். "சும்மாதாம்மா, கொஞ்சம் காத்தோட்டமா இருக்கட்டுமேன்னு" என்றார். வியாழன் காலையில் வாசலில் 'மராமத்து' என்று பலகை தொங்கியது. படிக்க வந்த பிள்ளைகள் பையோடு திரும்பிப் போனார்கள். நீ வந்து, காலி நாற்காலிகளுக்கு நடுவே மூக்கு உயரத்தில் கருவியை நிறுத்தினாய். யாருடைய மூக்குக்கு?

என்னைப் பார்த்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "என்னக்கா, இந்தத் தடவையும் உளறிட்டியா?"

அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது: இரண்டு முறையும் மேலாளருக்குத் தேதி சொன்னது நீதான். நான் உளறியிருப்பேன், பழி என் மேலேயே விழும் என்று நம்பித்தான் எனக்கும் தேதியை எழுதியிருக்கிறாய்.

"நான் வாயே திறக்கலைடா" என்றேன். நீ கருவியின் பையை மூடினாய், மறுபடி திறந்தாய். அப்புறம் மெதுவாகச் சொன்னாய்: "அறை தேறலைன்னா மூடணும்க்கா. மூடினா முதல்ல உன்னைத்தான் வேற ஊருக்குத் தூக்கிப் போடுவாங்க. உனக்காகத்தான் செஞ்சேன்."

"தபால் நிலையத்துல யாருக்காகச் செஞ்சே?"

நீ பையைத் தோளில் மாட்டினாய். பச்சை அட்டையை ஒட்டிவிட்டுப் போய்விட்டாய்.

வேறு ஓர் அதிகாரியை அனுப்பச் சொல்லி உன் தலைமை அலுவலகத்துக்கு எழுதி, உறையில் போட்டு வைத்திருக்கிறேன். ஏணியை, ஃபேனை, தேதியை, எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை மாலை தபாலில் சேர்ப்பேன். அதற்குள் நீயே போய் உன் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டால் கிழித்துப் போட்டுவிடுகிறேன். இப்படி முன்கூட்டியே உனக்குத் தெரியப்படுத்துவது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. நீ மேலாளருக்குச் செய்ததைத்தான் நான் உனக்குச் செய்கிறேனோ என்று யோசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆனாலும் எழுதுகிறேன்.

அக்கா

•

மார்ச் 22

தம்பிக்கு,

நேற்று மாலை வரை காத்திருந்தேன். உன்னிடமிருந்து கடிதமும் இல்லை, போனும் இல்லை. தபாலில் சேர்த்துவிட்டேன்.

இன்று மதியம் அறை நிறைய ஆட்கள். ஜன்னல்கள் மூடியிருக்கின்றன, ஃபேன் ஓடவில்லை. மேஜைக்காரியை மேல்தளத்தில் உட்கார வைத்துவிட்டு அவள் வேலையையும் நானே பார்க்கிறேன். நான் எழுதிப் போட்டது எப்படித் தெரிந்ததோ, மேலாளர் இரண்டு முறை வந்து, "எப்பம்மா வராங்க? உங்க தம்பி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

அக்கா