ஊசியும் ஒரு நெட்டியும்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே மண்டையைப் பிளக்கிற வெயில். ஸ்கூல் வேன் ட்ரிப் முடித்து, வடமாலபேட்டையில் பஸ் பிடித்துத் திருப்பதி. கழுத்து வலிக்கு அக்குபங்சர். முதல் சிட்டிங்.

மானம் போன கதையை எழுதிவிடுகிறேன், எவன் படிக்கப் போகிறான். குப்புறப் படுக்கவைத்தார்கள். பிடரியில் ஜில்லென்று ஏதோ பட்டது. "ஐயோ அம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் வெளியே பெஞ்சில் இருந்த பெரியவர் எழுந்து வாசலுக்கே போய்விட்டார். டாக்டரம்மா நிதானமாக, "அன்னா, இங்க்கா சூதி பெட்டலேது. அதி தூதி" என்றாள். ஊசி இன்னும் வைக்கவே இல்லையாம். அது பஞ்சாம்.

இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன். பஞ்சுக்கு அலறினேன்.

அப்புறம் நிஜ ஊசி. கழுத்து, ரெண்டு தோள், முழங்கைக்குக் கீழே. மொத்தம் பதினொன்று. எறும்புக்கடி அளவுகூட இல்லை. இருபது நிமிஷம் ஆடக்கூடாது. நடுவில் தும்மல் வந்தது, முருகா முருகா என்று அடக்கினேன்.

டாக்டரம்மாவுக்கு என் பெண் புவனா வயசுதான் இருக்கும். புவனா ஸ்ரீசிட்டியில் வேலை, ஹாஸ்டல். கூட இருக்கிற பெண்ணுக்கு இங்கே தோள்வலி தேறியது என்று அவள்தான் என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

மறக்கக்கூடாதது:
– உயரத் தலையணை வேண்டாம்
– வண்டி நிற்கும்போதெல்லாம் தோளைச் சுற்றணும்
– எண்ணெய் போட்டு உருவக்கூடாது. கழுத்தை முறித்து நெட்டி எடுக்கவே கூடாது. (இதை மட்டும் தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம்.)

ஜூலை 11, வெள்ளி

ரெண்டாவது சிட்டிங். அலறவில்லை.

சாயந்திரம் ரிவர்ஸ் எடுக்கும்போது திரும்பிப் பார்த்தேன். மூணு மாசம் கழித்துத் தலை திரும்பியது! பின்சீட்டுப் பொடிசு, "டிரைவர் அங்கிள் மூஞ்சி தெரிது!" என்று கத்தினாள். பதினாலு பிள்ளைகளும் கை தட்டின.

வீட்டுக்கு வந்தும் சிரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி செல்வி: "ஊசி குத்திக்கினு வந்த ஆளு மாதிரியா கீற? பொண்ணு பாத்துட்டு வந்த மாதிரி கீற."

ஜூலை 13, ஞாயிறு

மணி சலூனில் முடி வெட்டு. வெட்டி முடித்தால் தலையில் தட்டு, அப்புறம் கழுத்தைப் பிடித்து வலப்பக்கம் ஒரு டக், இடப்பக்கம் ஒரு டக். பதினைந்து வருஷப் பழக்கம். அது இல்லாமல் எழுந்தால் பாதித் தலை வெட்டின மாதிரி இருக்கும்.

இன்றைக்கு வேண்டாம் என்றுதான் எழுந்தேன். மணி விடவில்லை. "இன்னாண்ணா, நெட்டி வேணாவா? பயந்துகினியா?" பெஞ்சில் இருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள்.

"உனுக்குப் பயப்படுவனா, எடுடா."

வலது டக். சொர்க்கம். இடது டக் இல்லை. உள்ளே என்னமோ நழுவியது. கழுத்திலிருந்து இடது சுண்டுவிரல் வரை கரண்ட் ஓடியது.

"சூப்பரா வந்துச்சுண்ணா" என்றான் மணி. நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் கறிக்குழம்பு. இடது கையிலிருந்து தண்ணி டம்ளர் விழுந்தது. "வழுக்கிச்சா?" செல்வி. "ம்."

ஜூலை 14, திங்கள்

தூறல். காலை ட்ரிப்பில் மூணாவது கியர் விழவில்லை. கியருக்குக் குறை இல்லை, கைக்குத்தான். விரல்கள் வேறு யாருடையதோ மாதிரி.

ரயில்வே கேட் மேட்டில் ஹேண்ட்பிரேக் இழுக்க வரவில்லை. வேன் பின்னால் உருண்டது. ரெண்டடி. பின்னால் ஒரு ஆட்டோ, ஹாரன் மேல் ஹாரன். எப்படிக் காலால் பிடித்தேனோ தெரியாது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. "இன்னொரு தபா, அங்கிள்!"

பிள்ளைகளை ஸ்கூலில் இறக்கிவிட்டேன். வேன் ஓனரிடம் சாவியைக் கொடுத்துக் காய்ச்சல் என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

மூணாவது சிட்டிங். நடக்கவில்லை.

டாக்டரம்மா தன் ரெண்டு விரலை நீட்டிப் பிடிக்கச் சொன்னாள். வலது கை சரி. இடது.

"அமுக்குங்கண்ணா."

"அமுக்கிக்கினுதாம்மா கீறேன்."

அவள் முகம் மாறியது. "யாராவது கழுத்த முறிச்சாங்களா? நிஜம் சொல்லுங்க."

"இல்லம்மா."

ஊசி டப்பாவை மூடிவிட்டாள். சீட்டு எழுதி, இன்றைக்கே நரம்பு டாக்டரைப் பாருங்க என்று ஆட்டோ ஏற்றிவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன். கழுத்தெலும்புக்கு நடுவில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். ஆபரேஷன் செய்யணுமாம். செய்தாலும் பிடி முழுசாகத் திரும்புமா? "செப்பலேமு." சொல்ல முடியாதாம்.

வேன் ஓட்டுவேனா என்று கேட்டேன். அந்த டாக்டர் பேனாவை மூடினார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. நல்ல காற்று. சட்டைப் பொத்தான் செல்வி போட்டுவிட்டாள்.

சித்தூரிலிருந்து மச்சான் வந்தான். ஸ்கேன் கவரைப் பிரிக்காமலே தீர்ப்பு: "ஊசி நரம்புல ஏறிடுச்சு மாமா. வேற இன்னா?" சாயந்திரத்துக்குள் தெரு முழுக்க அதே பேச்சு. மணிகூட வந்து பார்த்தான். பழம் வாங்கி வந்திருந்தான். "என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா ஊசிக்காரிகிட்ட வுட்டிருப்பனாண்ணா?" பாவம், அவனுக்குத் தெரியாது. தலையாட்டினேன், ஆட்டினதும் வலித்தது.

புவனா போனில். "நைனா, நான்தான் அந்த எடத்த சொன்னேன். என்னாலதான் ஆச்சு." ஓ என்று அழுதாள். "சீ, அழாதம்மா" என்றேன். போனைச் செல்வியிடம் கொடுத்துவிட்டேன்.



ஜூலை 19, சனி

வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. செல்வி, மச்சான், நான், மூணு பேரும் திருப்பதி.

பெஞ்சில் ஐந்து பேர். செல்வி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஓடிகினு இருந்த மனுசன மொடமாக்கிட்டியேடி! வண்டி ஓட்ற கைடி அது!" மச்சான் அதையே தெலுங்கில், இன்னும் சத்தமாக. பெஞ்சு ஒவ்வொன்றாய்க் காலி. அன்றைக்கு நான் அலறி விரட்டின பெரியவரும் இருந்தார். இன்றைக்கு நிஜமாகவே போய்விட்டார்.

டாக்டரம்மா பதிலுக்குக் கத்தவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணா, நீங்களே சொல்லுங்க. வெள்ளிக்கெழம இங்கேருந்து போகும்போது கை நல்லாத்தானே இருந்துச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேஜைமேல் இருந்த பஞ்சு டப்பாவைப் பார்த்தேன். செல்வி என் இடது கையைத் தூக்கி அவளுக்குக் காட்டிவிட்டுக் கீழே போட்டாள்.

வாய் வரைக்கும் வந்தது: ஞாயித்துக்கெழம, மணி சலூன், எடுடான்னு நான்தாம்மா சொன்னேன். "வா செல்வி, போலாம்" என்றுதான் சொன்னேன்.