பாட்டுக் கேளாத இரண்டாம் கிடங்கு

திங்கள். கச்சான் காற்று. கண்ணெல்லாம் மணல்.

"துறைமுகத் தோழர்களே! பன்னிருவர் சுமந்ததைப் பதின்மர் முதுகில் ஏற்றும் அநீதியைக் கேளீர்!" வெள்ளிக்கிழமை சங்க வாயிற்கூட்டத்தில் நான் ஆற்றும் உரைக்குத் தொடக்கம் இதுவே. மேற்கொண்டு அடுக்குமொழிதான் வருகிறது; வாதம் ஒன்றும் எழவில்லை. மேலாளரிடம் சான்று இருக்கிறது. முதலாம் கிடங்கில் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போட்டார். மூட்டைகள் முன்னைவிட விரைந்து ஏறின. இனிப் பத்துப்பேர் போதுமாம். வருகைப் பலகையில் ஹனீபா நானா, கதிரேசு இருவர் பெயரும் அழிப்பு.

நானா, கிண்ணியாத் தோணித்துறையில்: "பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. என்ட வயித்திலயெல்லோ அடிக்குது."

செவ்வாய். இடியப்பம், சொதி. குடைக்கம்பி திருத்த வேண்டும்.

தங்கை மங்கை, ஆசிரிய கலாசாலையில் உளவியல் கற்பிப்பவள், என் உரையை வாசித்துச் சிரித்தாள்.

"அண்ணா, பாட்டுக் கேளாத ஆக்கள் எங்க?"

"அவர்கள் எதற்கு?"

"அதே வேலை, அதே மாதிரி ஆக்கள், பாட்டு மட்டும் இல்லை. அதுதான் கட்டுப்பாட்டுக் குழு. அவையளும் அதேயளவு கூடத் தூக்கினால், கூட்டினது பாட்டில்லை."

இரண்டு பக்க அடுக்குமொழியை வெட்டினேன். நெஞ்சு வலித்தது.

புதன். இரண்டாம் கிடங்கில் ஒலிபெருக்கி இல்லை. அங்கும் கிண்ணியா ஆட்களே. எழுத்தர் மூட்டைக் குறிப்பைக் காட்டினார். அதே ஏற்றம்! காரணத்தை நானாவிடம் கேட்டேன்.

"மேலாளர் முதல் மூட்டை எண்ணினது நோன்பு மாசம் தம்பி. தண்ணி குடியாமத் தூக்கினனாங்க. பெருநாள் கழிஞ்சுதானே பாட்டு வந்தது."

அவர் வீட்டுப் பெருநாள் வட்டிலப்பம் உண்ட எனக்கே இது தோன்றவில்லை.

வியாழன். மங்கை: "உங்கட பேச்சுக்கும் ஒரு கட்டுப்பாட்டுக் குழு வைக்கவேணும். கேளாத ஆக்களும் கைதட்டினால்?" மிச்சமிருந்த உவமைகளையும் அடித்தேன். குடை இன்னும் திருத்தவில்லை.

வெள்ளி. வாயில் நிறைந்த கூட்டம். இரு கிடங்குக் குறிப்புகளையும் வாசித்து, நோன்பு மாதக் கணக்கையும் சொன்னேன். அலங்காரம் ஏதுமில்லை. ஆயினும் அப்படி ஓர் அமைதியை என் எந்த உரையும் கண்டதில்லை.

மேலாளர்: "பாட்டு அங்கேயும் கேட்டிருக்கும்."

பின்னாலிருந்து கதிரேசு: "கேட்டிருந்தா ஆடியிருப்பாங்களே ஐயா." கொல்லென்ற சிரிப்பு. மேலாளர் உதட்டிலும் ஒரு கீற்று.

"சரி, திங்கட்கிழமை பார்ப்போம்" என்றார்.

வருகைப் பலகையைத் தூக்கிவரச் செய்தேன். வெண்கட்டியை அவர் கையில் வைத்தேன்.

"திங்கட்கிழமை வேண்டாம் ஐயா. பன்னிரண்டு பெயர். இவர்கள் கண்முன்னே, இப்பொழுதே எழுதுங்கள்."