ஆபத்துப் பட்டியலில் எங்கள் வீட்டு ‘அளவு’

மே 6, புதன்

ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர். “நேத்து எனக்கு என்னமோ மெயில் அனுப்பியிருக்கீங்களே, ‘உங்க போட்டோ இதுல இருக்கு, திறந்து பாருங்க’ன்னு. என்னம்மா அது?” என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் தையல்காரி. அந்த அம்மாவின் போட்டோ என்னிடம் ஏன் இருக்கப்போகிறது?

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் என் பெயரில், என் மெயிலிலிருந்து, நாற்பத்தொரு பேருக்குப் போயிருக்கிறது. எல்லாரும் என்னிடம் தைக்கிறவர்கள். பாதிப் பேர் சீருடைக்கு அளவு கொடுத்த பிள்ளைகளின் அப்பா அம்மா.

எவன் செய்த வேலை இது? என் வீட்டுக்குள் புகுந்து, என் பேரையே சொல்லி, என் வாடிக்கையாளர்களிடம் பேசியிருக்கிறான்! உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

மே 7, வியாழன்

நாற்பத்தொரு பேருக்கும் நானே போன் செய்து, “அதைத் திறக்காதீங்க, நான் அனுப்பல” என்று சொன்னேன். சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. ஒருத்தி, “ஐயோ அக்கா, நான் திறந்துட்டேனே, இப்ப என்ன ஆகும்?” என்றாள். எனக்கென்ன தெரியும்?

என் வீட்டுக்காரர் சாவகாசமாகச் சொல்கிறார்: “பாஸ்வேர்டை மாத்திடு, சரியாப் போயிடும்.” மாற்றினேன். “ஆன்டிவைரஸ் ஒண்ணு போடலாமாங்க?” என்று கேட்டேன். “அதெல்லாம் வேஸ்ட். இருக்கற வேகத்தையும் தின்னுடும்” என்று பேப்பருக்குள் முகத்தை விட்டுக்கொண்டார். ஒரு திருகாணி வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிற மனுஷன்! இந்த விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு அலட்சியம்?

என் பிழைப்பே அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. பம்பு கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றபின் இவர் தானாகப் புத்தகம் வாங்கிப் படித்து, ஏழு மாதம் உட்கார்ந்து, எனக்கென்று ஒரு புரோகிராம் எழுதினார். பேர் ‘அளவு’. ஆள் பேரைத் தட்டினால் தோள், மார்பு, கை நீளம் எல்லாம் வந்து நிற்கும். போன வருஷத்தைவிடப் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்றுகூடச் சொல்லும். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நூற்று அறுபது பேருக்கு ஆறு வருஷமாக நான்தான் சீருடை தைக்கிறேன். இந்த வருஷத்துக்கு அளவெடுக்க இன்னும் மூன்றே வாரம். இந்த நேரத்திலா இந்தக் கூத்து?

மே 9, சனி

நாத்தனார் போனில், “ஆன்டிவைரஸ் இலவசமாவே நிறைய இருக்கு அண்ணி, ஒண்ணை இறக்கிப் போடுங்க” என்றாள். சரி என்று இறக்கினேன்.

இலவசமாம்! போட்டு ஐந்து நிமிஷத்தில் “உங்கள் கம்ப்யூட்டரில் 1,347 கோளாறுகள்” என்று சிவப்பு விளக்கு. அடக் கடவுளே என்று ‘சரிசெய்’யை அழுத்தினால், கார்டு நம்பர் கொடு என்கிறது. கோளாறைக் கண்டுபிடிப்பது இலவசமாம், சரிசெய்யத்தான் காசாம். போதாததற்கு, நான் தினமும் திறக்கிற முதல் பக்கத்தையே மாற்றிவிட்டது. கேட்டதா என்னை? ஒரு வார்த்தை?

மே 10, ஞாயிறு

ஒரே நாளில் பதினேழு தடவை “நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள்” என்று கத்திவிட்டது. என் மாமியார்கூட இவ்வளவு கத்தியதில்லை.

மே 12, செவ்வாய்

எதிர்வீட்டுக்காரர் வேறொன்று நல்லது என்றார். அதையும் போட்டேன். முதலாவதை எடுத்துவிட்டுத்தான் இரண்டாவதைப் போட வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அது இதைத் திருடன் என்கிறது, இது அதைத் திருடன் என்கிறது. இரண்டும் கட்டிப் புரண்டதில் கம்ப்யூட்டர் எழுந்து உட்காரவே இருபது நிமிஷம் ஆயிற்று. இவர் பேப்பருக்குப் பின்னால் சிரித்த சத்தம் கேட்டது. சிரிப்பா வருது உங்களுக்கு? ஒரு கை கொடுக்கத் தோணலையே!

இரண்டையும் எடுத்து எறிந்தேன். முதலாவது போகும்போதும், “நீங்கள் எங்களை விட்டுப் போவதற்கு வருந்துகிறோம், காரணம் சொல்லுங்கள்” என்று ஒரு கட்டம் போட்டது. சொன்னேன். எழுத முடியாத வார்த்தையில் சொன்னேன்.

மே 14, வியாழன்

இனி ஏமாறக் கூடாது. துணி வாங்கும்போது மேல்பக்கத்தையா பார்க்கிறேன்? திருப்பி உள்பக்கத்தைத்தானே பார்க்கிறேன். அதேபோல ஒவ்வொன்றின் அடியிலும் இருக்கிற சின்ன எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஒன்றில், நான் எந்தெந்தப் பக்கங்களைப் பார்க்கிறேன் என்பதை “கூட்டாளிகளுக்கு”க் கொடுப்பார்களாம். நல்லா இருக்கே கதை! காவலுக்கு வந்தவன், நான் எந்தக் கடைக்குப் போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவானா? இன்னொன்று முப்பது நாளைக்குத்தான் இலவசம். அதற்குப் பேர் இலவசமா?

கடைசியில் ஒன்று கிடைத்தது. கார்டு கேட்கவில்லை, கத்தவில்லை, வேறெதையும் கூடக் கூட்டிக்கொண்டு வரவில்லை. நாளைக்கு முழுசாக ஸ்கேன் செய்யப் போகிறேன்.

மே 15, வெள்ளி

ஸ்கேன் முடிந்தது.

இரண்டு மணி நேரம் தேடிவிட்டு இரண்டு பேரைப் பிடித்துப் பூட்டி வைத்திருந்தது. இரண்டாவது ஏதோ வாயில் நுழையாத எழுத்துக் கூட்டம். முதலாவது — ‘அளவு’. என் வீட்டுக்காரர் எழுதிய ‘அளவு’! பக்கத்தில் சிவப்பில் எழுதியிருந்தது: “இதை மிகச் சிலரே பயன்படுத்துகிறார்கள். தயாரித்தவர் யாரென்று தெரியவில்லை. ஆபத்தானதாக இருக்கலாம்.”

யாரென்று தெரியவில்லையா? எனக்குத் தெரியும்! முப்பத்தோரு வருஷமாகத் தெரியும். மிகச் சிலர் பயன்படுத்துகிறார்களாம். ஆமாம், நான் ஒருத்திதான். எனக்காகத்தான் எழுதினார். அதிலென்ன குற்றம்?

திரும்பிப் பார்த்தால் இவர் பின்னால் நிற்கிறார். படித்துவிட்டார். அடுக்களைக்குப் போய், கழுவி வைத்திருந்த டம்ளரையே எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஏழு மாதம் கண் வலிக்க உழைத்தவரை ஊர் பேர் தெரியாத ஒரு மெஷின் திருடன் என்று சொல்வதா? இவரைப் பற்றி இப்படிச் சொல்கிறதென்றால் அது சொல்கிற எதுவும் எனக்கு வேண்டாம். ‘எல்லாவற்றையும் திருப்பிக் கொடு’ என்று இருந்தது, அழுத்தினேன். அதையும் எடுத்து எறிந்தேன்.

“உங்களைக் கொறை சொல்றது எதுவும் இந்த வீட்ல இருக்காதுங்க” என்றேன். இவர் தலையைக் குனிந்துகொண்டார். பாவம்.

மே 18, திங்கள்

மறுபடி போயிருக்கிறது. இந்தத் தடவை நூற்றுப் பதினெட்டுப் பேருக்கு.

பெரிய டீச்சர் கோபப்படக்கூட இல்லை. “உங்க தையல்ல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா பிள்ளைங்க பேரு, அவங்க அப்பா அம்மா மெயில் எல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது? இந்த வருஷத்துக்கு வேற கடையில விசாரிக்கச் சொல்லி நிர்வாகத்துல சொல்லியிருக்காங்க” என்றார்.

ஆறு வருஷம். ஒரு பட்டன் அறுந்தது என்று ஒரு பிள்ளை வந்ததில்லை.

மே 19, செவ்வாய்

கடைவீதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற அக்காவைக் கூட்டிவந்தேன். ஆள் வருகிறார் என்றதும் இவர் “பல்பு வாங்கணும்” என்று வெளியே கிளம்பிவிட்டார்.

அந்த அக்கா அரை மணி நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்துக் கேட்டார்: “நீங்க எதுக்கு இத்தனையை இறக்கினீங்க? கம்ப்யூட்டர் வாங்கும்போதே உள்ளுக்குள்ள பாதுகாப்பு வருதே. காசும் கிடையாது. வீட்டு உபயோகத்துக்கு அதுவே தாராளம்.”

“அப்ப அது என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சு இத்தனை நாள்?”

“என்ன பண்ணும்? யாரோ நிறுத்தி வெச்சிருக்காங்க. தானா நின்னதில்ல, கையால நிறுத்தினது. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு.” தேதியைக் காட்டினார்.

அந்தத் தேதி எனக்கு மறக்குமா? ‘அளவு’ முதன்முதலில் ஓடிய நாள். அன்றைக்கு இவர் எனக்கு முன்னால் அதை ஓட்டிக் காட்டிவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா இன்னும் சொன்னார். ‘அளவு’ சுத்தமாக இருக்கிறதாம், அதில் ஒன்றுமில்லையாம். ஊரில் யாரிடமும் இல்லாத புரோகிராம் என்றால் சந்தேகப்படத்தான் செய்யும். ‘இது எங்களுடையது, விட்டுவிடு’ என்று ஒரே ஒரு டிக் போட்டால் போதுமாம். மெயில் அனுப்பியது அந்த இரண்டாவது ஆள், வாயில் நுழையாத பேர்க்காரன். காலர் டிசைன் இலவசம் என்று ஜனவரியில் நான் இறக்கினேனே, அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறான். வெள்ளிக்கிழமை பிடித்துப் பூட்டியவனை நான்தான், என் கையால், திறந்து விட்டிருக்கிறேன்.

மே 20, புதன்

நேற்று எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கத்துவேன் என்று தெரியும். இன்று காலை கேட்டேன், கத்தினேன்.

“ரெண்டு வருஷமா வீட்டைத் திறந்து போட்டுட்டு பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தீங்களா?”

பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “முதல் நாளே அது என் புரோகிராமைச் சிவப்புல காட்டிச்சு. நீ காபி கொண்டு வர உள்ள போயிருந்தே. வர்றதுக்குள்ள நிறுத்திட்டேன். நீ அதைப் பாத்துடக் கூடாதுன்னு தோணிச்சு.”

“யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டா, உனக்கு எழுதத் தெரியலைன்னு சொல்லிடுவாங்களோன்னு...”

முப்பது வருஷம் பம்பு செய்த மனுஷன்! நான் நாற்பத்தொரு பேருக்குத் தொண்டை கட்டப் போன் செய்தேனே, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை நான் இவருக்காகச் சண்டை போட்டபோது தலையைக் குனிந்தாரே, அதைப் போய் ‘பாவம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு இவர்மேல் கோபமா, என்மேல் கோபமா? இரண்டும்தான். இரண்டும் நிறைய.

மே 21, வியாழன்

பேசவில்லை.

மே 23, சனி

காலையில் இவரே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றார். “பள்ளிக்கூடத்துக்குப் போகணும். நீயும் வர்றியா?”

பெரிய டீச்சர் எதிரில் உட்காரக்கூட இல்லை. “பாதுகாப்பை நிறுத்தி வெச்சது நான்தாங்க. இவங்களுக்குத் தெரியாது. இவங்க மேல தப்பு இல்ல” என்றார். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியுமா? “பிடிச்சதைத் திறந்து விட்டது நான்தாங்க” என்றேன். பெரிய டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டுக்கிட்டு வர்றவங்களைத்தான் தினம் பாக்கறேன்” என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்.

மே 29, வெள்ளி

முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எங்களுக்கு. ஐம்பத்திரண்டு பிள்ளைகள். மற்ற எல்லா வகுப்பும் வேறு கடைக்குப் போயிற்று. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்.

நூற்று அறுபதில் ஐம்பத்திரண்டு. நியாயம்தான், இருந்தாலும் அழுதேன்.

ஜூன் 3, புதன்

ரிப்பேர் கடை அக்கா எல்லாவற்றையும் துடைத்து, உள்ளே இருந்த பாதுகாப்பையே மறுபடி ஓடவிட்டுப் போய் இரண்டு வாரமாகிறது. சத்தமே இல்லை. இனி எதை நிறுத்தவும், எதை அனுமதிக்கவும் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அப்படித்தான் வேண்டும் என்று நான் சொன்னேன், இவர் மறுக்கவில்லை.

மத்தியானம் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். “அளவுல ஒரு சின்ன மாத்தம் பண்ணியிருக்கேன். பெத்தவங்க மெயிலை எல்லாம் எடுத்துட்டேன், பேரும் வகுப்பும் மட்டும் போதும். ஆனா புதுசா இருக்கறதால அது திரும்பத் தடுக்குது. கொஞ்சம் வந்து, அதை விடச் சொல்றியா?”

தைத்துக்கொண்டிருந்ததை வைத்துவிட்டுப் போனேன். திரையில் அதே சிவப்பு: தயாரித்தவர் யாரென்று தெரியவில்லை. என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

நான் பாஸ்வேர்டை அடிக்கும்போது, யாரும் சொல்லாமலே, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.