புதிதாகப் பூசிய சொம்பு

திருத்தணி
5-3-1944

என் மகளைப் பெற்றவளுக்கு, சலாம்.

அரக்கோணம் போய் வேறு தண்ணீர் குடித்தும் அவளுக்குக் கை தூக்க வரவில்லை என்று எழுதியிருந்தாய். டாக்டர் சந்தேகப்பட்ட நம் கிணற்றுத் தண்ணீரைப் பட்டணத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பினேன் அல்லவா? அதில் காரீய விஷம் இருப்பதாகப் பதில் வந்தது. கிணற்றைத் திட்டித் தீர்த்தேன்.

கண்ணாடிப் புட்டியில்தான் கேட்டிருந்தார்கள். சர்க்கார் பார்க்கிற தண்ணீராயிற்றே என்று நான்தான் புதிதாக ஈயம் பூசிய சொம்பில் அனுப்பியிருந்தேன். பிறகு புட்டியிலும் அனுப்பினோம்.

நேற்று சுகாதார இன்ஸ்பெக்டர் கடைக்கே வந்தார்.

"கெணத்துல ஒண்ணும் இல்ல பாய். சொம்புலதான் இருக்குது."

சொம்புக்குப் பூசியது யார் என்று அவர் கேட்கவில்லை. என் கையில் ஈயம் பூசத் தேய்க்கிற நவச்சாரப் பஞ்சு அப்படியே இருந்தது.

யுத்தத்தால் மலேயா வெள்ளீயம் நின்றுபோனது உனக்குத் தெரியும். கிடைத்த காரீயத்தைக் கலந்தேன். பளபளப்பு குறையவே இல்லை.

'நீங்க பூசின கிண்ணத்துலதான் கஞ்சி குடிக்கிறா, இன்னொண்ணு பூசி அனுப்புங்க' என்று எழுதியிருந்தாய். மண்சட்டி அனுப்புகிறேன். அந்தக் கிண்ணத்தை இன்றே எடுத்துவிடு. கேட்டு அழுதால், அத்தா திருப்பிக் கேட்டார் என்று சொல்.

இப்படிக்கு,
அவள் அத்தா