உதிர்ந்த இமைமுடி

அனுசுயா,

போன மாதம் உன் பார்லரில் என் புருவத்தைத் திருத்திக்கொண்டிருந்த நீ சட்டென்று நூலை நிறுத்தினாய். "பழைய தழும்புக்குப் பக்கத்துல இமைமுடியே காணோம்டி. மினுமினுன்னு ஒரு சின்ன மேடும் இருக்கு. போன தடவையும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?" என்றாய். "உன் வேலையைப் பாரு" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டு, பாதிப் புருவத்தோடு தென்னூரில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன்.

மூன்று நாள் கண்ணாடியே பார்க்கவில்லை. நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். துளி சதையை எடுத்துப் பரிசோதித்தார்கள். ஆறு வருடம் முன்பு வெட்டியெடுத்த அதே புற்றுநோய்தான்.

"சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க. கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர். சொன்னபடியே கண்ணுக்குச் சேதமில்லாமல் அந்த மேடு முழுவதையும் எடுத்துவிட்டார். நேற்று கட்டைப் பிரித்ததும், எதிர்ச்சுவர்க் காலண்டரின் பொடி எழுத்தை அந்தக் கண்ணாலேயே படித்தேன்.

"மாசாமாசம் கிட்ட உக்காந்து பார்த்துச் சொல்ல வீட்டுல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். உன் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன்னைக் கேட்கவில்லைதான். கேட்டால் முதலில் திட்டுவாய். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, நேரிலேயே திட்டு.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பிலிருந்து உன்னோடு சண்டை போடுகிறவள்