ஆறாம் எண் வீட்டுப் புல்

ஏப்ரல் 7

அன்பு மருமகளுக்கு,

உன் ஒரே தாய்மாமன் எழுதுவது. நான் நலம், வீடு நலம், புல்லும் நலம். ஜூன் மாதம் உன் கல்யாண விருந்து நம் வாசல் புல்தரையில்தான் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாயே, அன்றிலிருந்து அதன்மேல் நான் செருப்புக் காலை வைத்ததில்லை.

இங்கே மழையே இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றக் கட்டுப்பாடு. இரட்டைப்படை எண் வீடுகள் செவ்வாய் மட்டும், ஒற்றைப்படை வெள்ளி மட்டும். மீறினால் குழாயை அடைத்துவிடுவார்கள். தண்ணீர் அலுவலகத்தின் பெரிய அதிகாரியே வந்து, "உங்களைப் போல நாலு பேர் ஒத்துழைத்தால் போதும் சார்" என்று என்னிடம் கெஞ்சினார்.

வாரம் ஒரு நாள் எந்த மூலைக்கு? நம் கதவில் இருக்கும் பித்தளை ஆறின் கீழ் ஆணியைக் கழற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை தலைகீழாகத் திருப்பினால் ஒன்பது! நிஜ ஒன்பது தெருக்கோடியில் கிடக்கிறது, யார் பார்க்கிறார்கள்? எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்த மூளையம்மா இது.

உன் தாய்மாமன்


ஏப்ரல் 17

அன்புள்ள மாமா,

படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், வார்டில் ஒரு நோயாளி தன் மாத்திரையை எனக்கு நீட்டினார். ஆனாலும் வேண்டாம் மாமா, ஆணியை அடித்துவிடுங்கள். புல் போனால் போகட்டும்.

உங்கள் வருங்கால மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் ஒருநாள் வீடு பார்க்க வருவார்கள். அப்பா முப்பது வருஷம் ரயில்வே சிக்னலில் இருந்தவர், கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். அவர் தலையாட்டினால்தான் கல்யாணம். எனக்கென்று இருப்பது நீங்களும் அந்த வீடும்தான் என்று சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் குறைவாக அளந்துவிடுங்கள்.

உங்கள் செல்ல மருமகள்


ஏப்ரல் 28

அன்பு மருமகளுக்கு,

சம்பந்தி தாராளமாக வரட்டும். புல் பச்சைக் கம்பளமாக இருக்கிறது. பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்து தொட்டுப் பார்க்கிறார்கள். ஒருவர் விலைக்கே கேட்டார்.

எண்ணைப் பற்றிக் கவலைப்படாதே. இன்று நேராகத்தான் இருக்கிறது. இன்று செவ்வாய்.

உன் தாய்மாமன்


மே 12

மாமா,

போன வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்களாம். நாலு, ஒன்பது, எட்டு என்று தெரு போகிறதாம். ஆறைக் காணோம். கையில் குழாயோடு நின்ற ஒருவரைக் கேட்டார்களாம். "இந்தத் தெருவில் ஆறாம் எண்ணே கிடையாது, பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன், என்னிடமேவா?" என்று அவர் விரட்டாத குறையாம்.

அது யார் மாமா?

"இல்லாத வீட்டைச் சொன்ன பெண் வேறு என்னவெல்லாம் சொல்லியிருப்பாள்" என்று சிக்னல்காரர் கேட்டாராம். எனக்குக் கோபம் இல்லை, அழுகைதான் வருகிறது. எதையும் கூட்டாமல் எனக்கு ஒரே ஒரு கடிதம் எழுதுவீர்களா?

மருமகள்


மே 21

அம்மா,

அது நான்தான். தண்ணீர் அலுவலக ஆட்கள் என்று நினைத்துவிட்டேன்.

கதவிலிருந்து ஆறைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். மேஜைமேல் வைத்து, இப்படி வைத்தால் செவ்வாய், அப்படி வைத்தால் வெள்ளி என்று திருப்பிக் காட்டினேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். சிக்னல்காரர் சிரிக்கவில்லை. "என் காலத்தில் இதற்கு வேலை போயிருக்கும்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நம்புவாயா?

மறுநாள் ஸ்குரூ டிரைவரோடு அவரே வந்து ஆறை இரண்டு பக்கமும் முடுக்கினார். ஆட்டிப் பார்த்தார். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஜூன் வெயிலுக்குப் பந்தல் போடணும்" என்றார். தலையாட்டிவிட்டாரம்மா!

தண்ணீர் அலுவலகத்திலும் போய்ச் சொல்லிவிட்டேன். தோட்டக் குழாயை அடைத்துவிட்டார்கள். புல் இல்லை. நான் கம்பளம் என்று எழுதிய அன்றைக்கே அது வைக்கோல்தான். விருந்துக்கு நாற்காலி போட்டு மறைத்துவிடலாம்.

பஸ்ஸில் ஆறு மணி நேரம் நின்றுகொண்டே போனேன் என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம். உட்கார இடம் கிடைத்தது.

உன் மாமா
ஆறாம் எண் வீடு